விசேஷம்

நாத்தனாரின் வளைகாப்பில் தமயந்தி பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்று ஆபரேஷனில் கர்ப்பப்பையும் போய், தையல் விட்ட இடத்தில் குடல் பிதுங்கி, வயிறு இடப்பக்கமாகப் புடைத்திருந்தது. சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி, "அட, இங்கயும் விசேஷமா? சொல்லவேயில்லையே!" என்று அவளுக்கும் இரண்டு கண்ணாடி வளையல்களைப் போட்டுவிட்டு, வாஞ்சையோடு வயிற்றில் கை வைத்தாள். மாமியாருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் சம்பந்திகளைப் பார்த்துச் சிரித்துவைத்தாள். சாம்பிராணிப் புகையில் தமயந்திக்கு இருமல் வந்தது; பிதுங்கிய குடல் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் எம்பி முட்டியது.

"ஐயோ, உதைக்குது!" என்று அந்தப் பெண் பூரித்துப் போனாள்.

தமயந்தி மாமியாரின் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நீங்களும் பாருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே இருமினாள்.