தீப்பொறி வரவில்லை

"சீக்கிரம் பாருங்க. எப்போ கிளம்பறீங்கன்னு அக்கா போன் மேல போன் போடறா."

கணவன் ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் ஒட்டிப் பிடித்தான். "இப்போ உதை."

மனைவி கிக்கரை உதைத்தாள். பொறி வரவில்லை.

"பிளக் போச்சு. இன்னிக்குக் கடையும் லீவு" என்று உச்சுக்கொட்டினான்.

அவள் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "வண்டி மக்கர் பண்ணுதுக்கா. வர முடியாது போல."

"அதனாலென்ன? உங்க தெருப் பக்கம்தான் கார்ல வந்திருக்கோம். அங்கேயே ரெண்டு நாள் தங்கி, எங்க டூர் வீடியோவை முழுசாப் போட்டுக் காட்டறேன்."

போனை வைத்ததும் கணவன் அவசரமாகப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து இன்னொரு பிளக்கை எடுத்தான்.

"இது எப்படி உங்க பாக்கெட்ல?"

"காலையில நான்தான் மாத்தி வெச்சேன். அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்க்க என்னால ஆகாது. நாமளே போனா ஒரு மணி நேரத்துல தப்பிச்சு வந்துடலாம். உதை!"

உதைத்தாள். அப்போதும் பொறி வரவில்லை.

"நல்ல பிளக்காச்சே!" என்று திருதிருவென விழித்தான்.

மனைவி அசடு வழியக் குனிந்தாள். பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த வயரை இழுத்துச் செருகினாள். "இது என் வேலை. எனக்கு மட்டும் அந்த வீடியோ இனிக்குதா?"

பொறி பளிச்சென்று பறந்தது. பிளக்கை மாட்டி, இருவரும் வண்டியில் ஏறவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"அட, வண்டி சரியாயிடுச்சா?" அக்காவுக்கு முகமெல்லாம் பல். "அப்போ ரெண்டு நாளைக்குத் துணி எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கே வாங்க. அங்கதான் டிவி பெருசு!"