எந்த ரயிலிலும் செல்லும்

டிக்கெட் பரிசோதகர் பெட்டிக்குள் நுழைந்ததும் வில்மா கைப்பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கழிப்பறைப் பக்கம் நடந்தாள். எல்லை நிலையத்தில் ஹங்கேரி ஊழியர்கள் ஏறியதிலிருந்து இது இரண்டாவது முறை.

எதிர் இருக்கையிலிருந்த இபோயா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். வியன்னாவில் ஒரு சலூனில் முடி வெட்டுகிறவள். வேலை முடிந்து தினமும் இதே ரயிலில் ஹங்கேரியிலுள்ள டியோர் நகருக்குத் திரும்புகிறவள். டிக்கெட் இல்லாதவர்களின் நடை அவளுக்கு அத்துப்படி.

பரிசோதகர் பாதிப் பெட்டியைப் பார்ப்பதற்குள் யாரோ கூப்பிட, வந்த வழியே போய்விட்டார். வில்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவிய தண்ணீர் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க,” என்று இபோயா குனிந்து மெதுவாகக் கேட்டாள். “டிக்கெட் எடுக்கலையா? இந்த செக்கர் டெஜோ நல்ல மனுஷன்தான். நான் சொன்னா அபராதம் போடாம இங்கயே டிக்கெட் குடுத்துருவாரு.”

வில்மா கைபேசியை நீட்டினாள். ஐரோப்பா முழுக்கச் செல்லும் ரயில் பாஸ். இன்றைய பயணத்துக்கான பதிவும் சரியாகவே இருந்தது.

இபோயாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. “இதை வச்சுக்கிட்டா ஓடி ஒளியறீங்க? எங்கெல்லாம் போறீங்க?”

“புடாபெஸ்ட்.”

“அப்புறம்?”

“திரும்ப வியன்னா. மறுபடி புடாபெஸ்ட். திங்கக்கிழமையிலருந்து அப்படித்தான்.”

“இதுக்குப் போய் பாஸா? அது ரோம், பாரிஸ்னு ஊர் சுத்தற பசங்களுக்கு அக்கா. இந்தத் தூரத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்தா எவ்வளவோ மிச்சம். அதுலயும் ஆஸ்திரியாக்காரன் ஆப்ல ஒரு விலை, நம்ம ஆப்ல ஒரு விலை. அதே ரயில், அதே சீட்டு. எங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் நான்தான் ரெண்டையும் பார்த்து எடுத்துக் குடுப்பேன். உங்க தலையில இதைக் கட்டினது யாரு?”

“மியூனிக்ல என் மக இருக்கா. அவகூடத்தான் இப்ப இருக்கேன். அவளும் உங்கள மாதிரி பாஸ் வேணாம்னுதான் சொன்னா.” வில்மா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே காற்றாலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. “மலிவு டிக்கெட்னா குறிச்ச ரயில்லதான் ஏறணும். எனக்கு எந்த ரயில்னு தெரியாதே.”

இபோயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், புத்தி கொஞ்சம் தடுமாறியவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பையிலிருந்து உப்பு ரொட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“சாப்பிடுங்க. டெஜோவுக்கெல்லாம் பயப்படாதீங்க, முகந்தான் அப்படி. முன்னாடி கிளை லைன்ல இன்ஜின் ஓட்டினவரு. சிரிச்சுக்கிட்டே இருப்பாராம்.”

வில்மா ரொட்டியைக் கடிக்கவில்லை.

“ஆளில்லாத கேட்ல ஒரு பையன் பைக்ல குறுக்க வந்துட்டான். அந்த இடத்துலயே போயிட்டான். ஹாரன் அடிச்சேன் அடிச்சேன்னு இவரு கதறினாரு. பழைய இன்ஜின், எதுவும் பதிவாகல. பையனோட அம்மா, வீடு பக்கத்துலதான், ஹாரன் சத்தமே வரலன்னு விசாரணையில சத்தியம் பண்ணிட்டா. நிரூபிக்க முடியலன்னு கேஸை மூடினாங்க. ஆனா ஊர் வாயை மூட முடியுமா?”

“ம்.”

“போகப்போக இவருக்கே சந்தேகம் வந்துருச்சு, நிஜமா அடிச்சோமா இல்லையான்னு. அதோட இன்ஜின்ல ஏறறதை விட்டுட்டாரு. அவர் சம்சாரம் எங்கிட்டதான் முடி வெட்டிக்குவா. தூக்கத்துலகூட எதையோ அழுத்தற மாதிரி கை துடிக்குதாம். சத்தியம் பண்ணின அந்த அம்மாக்காரி மட்டும் என் நாற்காலியில வந்து உக்காரட்டும், மொட்டை அடிச்சு அனுப்பறேன்.”

வில்மாவின் விரல்களுக்கிடையே ரொட்டி பொடிப்பொடியாக உதிர்ந்து மடியில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

கதவு திறந்தது. டெஜோ இந்த முறை பெட்டியின் இந்தக் கோடியிலிருந்தே ஆரம்பித்தார். வில்மா பையைப் பற்றிக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். இபோயா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க அக்கா. அதான் பாஸ் இருக்கே.”

வில்மா உட்கார்ந்தாள். டெஜோ அவள் முகத்தைப் பார்க்காமலே கருவியைக் கைபேசியின் மேல் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

“பாஸ்போர்ட்டும் காட்டுங்க. பேர் சரிபார்க்கணும்.”

அவள் கொடுத்தாள். டெஜோ பெயரைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கருவியைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

வேறு யாருடைய பாஸையோ கொண்டுவந்து மாட்டிக்கொண்டாள் என்று இபோயாவுக்குத் தோன்றியது. “விட்டுடுங்க டெஜோ. வயசானவங்க, தெரியாம ஏதோ…” என்று ஆரம்பித்தாள்.

யாரும் அவளைக் கவனிக்கவில்லை. வில்மா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ரயிலின் ஆட்டத்தில் தடுமாறி, நிலைகொண்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

“அன்னிக்கு நீங்க ஹாரன் அடிச்சீங்க தம்பி. எனக்குக் கேட்டுச்சு.”