ஏழாவது படி

"இன்னைக்கு ஒரு சாமானும் உடையலைன்னா, புது வீட்டுல இறக்குற வேலைக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். அப்புறம் நீ நம்ம ஆளு," என்றார் மேஸ்திரி, லாரியின் பின்கதவைத் திறந்தபடி.

வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனியில் புது ஆளுக்கு அது முதல் நாள். நாற்பது வயதில் புதுத் தொழில். தன் இருப்பிடத்துக்குப் பக்கம் என்று இந்தத் தெருவில் வந்த வேலையைத்தான் கேட்டு வாங்கியிருந்தான்.

"உடையாதுண்ணே," என்றான். குரலில் ஆசையும் இல்லை, பயமும் இல்லை.

தூசுக்காக எல்லோரும் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். வீட்டுக்காரம்மா ஜன்னலோரம் நின்றாள். கல்யாணப் பாத்திரங்கள் வெளியே போனபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எப்போது முடியும் என்று மட்டும் கேட்டாள்.

மாடிப்படியில் ஏழாவது படி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலை வைத்தால் ஆடியது. ஃப்ரிட்ஜ் தூக்கிய இருவரும் அதில் தடுமாற, மேஸ்திரிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

புது ஆள் மட்டும் முகம் மறையப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு முதல் நடையிலேயே அந்தப் படியைத் தாண்டி இறங்கினான். அடுத்தடுத்த நடையிலும் அப்படியே.

"அடேங்கப்பா! கண்ணைக் கால்லயா வச்சிருக்கே?" என்றார் மேஸ்திரி. "பிறவித் தொழிலாளிடா நீ!"

வேலை முடிந்ததும் வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லோரும் முகமூடியை இறக்கிக் குடித்தார்கள். புது ஆள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கீழே போனான்.

ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை. "ஏறுப்பா, ஜெயிச்சுட்டே!" என்றார் மேஸ்திரி. புது ஆள் லாரியில் தாவி ஏறினான். அன்றைக்கு முதல்முறையாக அவன் கண்ணில் கொஞ்சம் உயிர் வந்தது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவள் லாரியருகே நின்றாள்.

"அந்தப் படி ஆடும்னு இவர்கிட்ட நீங்க சொன்னீங்களா?" என்று புது ஆளைக் காட்டி மேஸ்திரியிடம் கேட்டாள்.

"இல்லையேம்மா. எங்களுக்கே தடுக்கினப்புறம்தானே தெரியும்?"

அவள் புது ஆளின் முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு.

"இவரை இறக்கி விட்டுருங்க. என் புருஷனுக்குப் புது வீடு தெரியக் கூடாதுன்னுதான் இந்த வீட்டையே காலி பண்றேன்."