முப்பத்தெட்டுப் பேரைக் காணோம்

"முப்பத்தெட்டுப் பேர், டெசி! முப்பத்தெட்டுப் பேரை என் லிஸ்ட்லேர்ந்து தூக்கியிருக்கே. எங்கே போனாங்க அவங்கல்லாம்?"

லியுபென் காகிதத்தை மேஜைமேல் விசிறினார். தட்டில் பாதி கடித்த பனிட்சா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பலகாரம், ஆறிக்கொண்டிருந்தது.

பல்கேரியாவின் புளோவ்திவ் நகரில் பதினெட்டு வருஷமாக ஒயினும், ரக்கியா என்ற பழச் சாராயமும் விற்கிறவர். நேரில் வந்து வாங்குகிறவர்களைவிட, அவர் கடை மடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வரவழைக்கிறவர்கள்தான் இப்போது அதிகம். வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை ஐந்து மணிக்கு ஒன்பதாயிரம் பேருக்கு மின்னஞ்சல் போகும். அனுப்புகிறவள் டெசி என்கிற டெசிஸ்லாவா.

அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"மடல் வேண்டாம்னு ஒருத்தன் சொன்னா என்ன செய்யணும்னு சொல்லியிருக்கேன்?"

"மூணு மடல் அனுப்பணும், முதலாளி. முதல்ல பத்து சதவீதம் தள்ளுபடி. அடுத்தது இருபது. அப்புறம் ஒரு பாட்டில் இலவசம்."

"அதுக்கும் மசியலைன்னா?"

"அப்புறம்தான் பேரை எடுக்கணும்."

"இந்த முப்பத்தெட்டுப் பேருக்கு ஒண்ணாவது போச்சா?"

"போகலை."

அவருக்குச் சுரீரென்றது. மறைக்கக்கூட நினைக்கவில்லையே இந்தப் பெண்! விலகுகிறவர்கள் அமுக்க வேண்டிய இடத்தை மடலின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில் வைக்கச் சொன்னதே அவர்தான். அதையும் கண்டுபிடித்துப் போகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேர் தேறமாட்டார்கள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா கடை போட்டிருக்கானே, அவன்கிட்ட எவ்வளவுக்கு வித்தே?"

"ஐயோ, நான் யாருக்கும் எதையும் விக்கலை!"

"பின்னே எதுக்கு எடுத்தே?"

"அவங்க கேட்டாங்க. காரணத்தை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னும் கேட்டுக்கிட்டாங்க."

"யார்கிட்டயும்னா? நான் யாரோவா? நாலு வருஷம் என் உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

டெசி தலைகுனிந்தாள்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம். ஆனா போறதுக்கு முன்னால உன் குட்டு உடையணும். அப்படியே உட்காரு."

காகிதத்தில் பெயர்கள் இல்லை. மின்னஞ்சல் முகவரியும், சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பதற்காக வாங்கிய போன் நம்பரும்தான். லியுபென் முதல் நம்பரைப் போட்டார். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"வேண்டாம் முதலாளி, கூப்பிடாதீங்க." அவள் போனை நோக்கிக் கை நீட்டினாள்.

"பயமா இருக்கா? இருக்கட்டும்."

எடுத்தது ஓர் ஆண் குரல். பின்னால் இன்ஜின் உறுமியது.

"லியுபென் ஒயின் கடையிலேர்ந்து பேசறேன். எங்க மடலே வேண்டாம்னுட்டீங்களாமே. வேற கடை பிடிச்சிட்டீங்களோ?"

இன்ஜின் சத்தம் அடங்கியது.

"நான் எங்கேயும் வாங்கறதில்லைங்க. பஸ் ஓட்டுறவன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு டூட்டி முடியும். சொல்லி வெச்ச மாதிரி உங்க மடல் வந்து நிக்கும். 'நண்பா, தொண்டை காயுதா?'ன்னு. எப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்! அதை நிறுத்த எங்கே அமுக்கணும்னே தெரியலை. கடைசில அந்த மடலுக்கே பதில் எழுதிட்டேன். 'குடியை விடப் பாக்கறேன், இதைப் பாத்தா முடியலை, புண்ணியமாப் போகும், நிறுத்துங்க'ன்னு. ஒரு பொண்ணு அன்னைக்கே நிறுத்திடுச்சு. தைரியமா இருங்கன்னு ரெண்டு வரியும் எழுதியிருந்துச்சு. பாட்டிலைத் தொட்டு எட்டு மாசம் ஆச்சுங்க. அந்தப் பொண்ணு அங்கே இருக்காங்களா?"

லியுபென் டெசியைப் பார்த்தார்.

"இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"முப்பத்தெட்டுப் பேரும் இதைத்தான் எழுதினாங்க, முதலாளி. அவங்களுக்குப் போய்த் தள்ளுபடின்னும் இலவச பாட்டில்னும் எப்படி அனுப்புவேன்?"

அங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவ்வளவு கத்தியபிறகு இறங்கிவர மனசு இடம் கொடுக்கவில்லை.

"ஒருத்தனைப் பேசி வெச்சிருப்பே. முப்பத்தெட்டுப் பேரையுமா பேசி வெச்சிருப்பே? பாத்துடலாம்."

கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தின் நடுவில் விரலை வைத்தார். விரல் நின்ற நம்பரை எட்டிப் பார்த்த டெசி பதறிப்போய் எழுந்துவிட்டாள்.

"முதலாளி, அந்த நம்பர் மட்டும் வேண்டாம். வேலையை விட்டு இப்பவே போயிடறேன். நான்தான் வித்தேன்னுகூட எழுதிக் கொடுக்கறேன். அதை மட்டும் விட்டுடுங்க."

"ஓ! அப்போ விஷயம் இங்கேதான் இருக்கு."

ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். கடைசி எண்ணையும் தட்டி அழைத்ததும் திரையில் எண்கள் மறைந்தன. அவரே எப்போதோ பதிந்து வைத்திருந்த பெயர் வந்தது.

'மகள்.'

வார்னா நகரில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே பெண்.

துண்டிக்க விரல் எழவில்லை. அதற்குள் அறை முழுக்கக் கேட்டது அந்தக் குரல்:

"சொல்லுங்கப்பா!"

வெளியே பாட்டில் அடுக்குகிறவர்கள் காதில் விழாதபடி, டெசி போய்க் கதவைச் சாத்தினாள்.