லாப்போ கடை மேசை

இத்தாலியில் ஒரு சந்தையில், லாப்போ என்ற வட்டிக்கடைக்காரரிடம் ஒரு மேசை இருந்தது. கம்பளி நூற்பவர்களும் மீன்காரர்களும் மிச்சம் பிடித்த காசை அதன்மேல் வைத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று வீட்டுக்குப் போவார்கள். லாப்போ குடும்பம் அதிலேயே வளர்ந்து மாளிகை கட்டியது. மேசைக்கும் பட்டு விரிப்பு கிடைத்தது.

ஒருநாள் அரக்கு முத்திரையோடு ஒரு கடிதம் அதன்மேல் வந்து உட்கார்ந்தது.

"நான் வடதேசத்து அரசரின் கடிதம். போருக்குப் பணம் வேண்டும். ஜெயித்ததும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்."

"தோற்றுவிட்டால்?" என்று மேசை மெல்லக் கேட்டது.

"அரசரிடம் போய் அப்படிக் கேட்பார்களா? வேண்டாமென்றால் எதிர்க்கடைக்குப் போகிறேன்."

லாப்போ மேசையைத் தடவினார். "நீ என்ன சொல்கிறாய்?"

அது ஊரார் காசு என்று மேசைக்குத் தெரியும். ஆனாலும் அரசருக்கே கடன் கொடுத்த மேசை என்று சந்தை பேசுவதைக் கேட்க அதற்கு ஆசையாக இருந்தது.

"கொடுக்கலாம் ஐயா" என்றது.

அரசர் தோற்றார். பணம் தர முடியாது என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். சேதி பரவியதும் சனம் கடைக்கு ஓடி வந்தது. அதற்குள் லாப்போ குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தார்.

திவாலான கடையின் மேசையை உடைப்பது அந்த ஊர் வழக்கம். சேவகன் கோடாலியோடு வந்தான். கம்பளி நூற்கும் நெல்லா குறுக்கே வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷக் காசு. மகள் கல்யாணத்துக்கு வைத்தது. எங்கே போயிற்று, நீயாவது சொல்லேன்."

மேசை இன்னும் தன்மேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தது.

"நூற்கிறவளிடம் எனக்கென்ன பேச்சு?" என்றது கடிதம்.

"நான்தான் கொடுக்கச் சொன்னேன், அம்மா" என்றது மேசை.

நெல்லா கையை எடுத்துவிட்டு விலகி நின்றாள். சேவகன் கோடாலியை ஓங்கினான்.