கதாநாயகிக்குத் தொண்டை கட்டிய நாள்

"ஐஸ் நிறையப் போடுங்கண்ணே. இன்னும்... இன்னும் கொஞ்சம்."

ஜூஸ் கடைக்காரர் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்லு கூசப்போகுது தங்கச்சி."

"எனக்கில்லண்ணே."

டம்ளரோடு படியேறும்போது மனசு ஒரு நிலையில் இல்லை. மாடியில் நாடக ஒத்திகை. நாளைக்கு மேடையேற்றம்.

பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலமானால் நாடகம் என்று ஓடிக்கொண்டிருப்பவள் அவள். குழுவில் அவளுக்கு 'ஒத்தவரி' என்று பெயர். முழு நாடகத்திலும் அவளுக்கு இருப்பது ஒரே வசனம்: "அம்மா, உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க." மற்ற நேரமெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோகிறவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

கதாநாயகி, மைக் அக்கா. மைக்கே இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கும் குரல், அதனால் அந்தப் பெயர்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அப்பாவின் போன் வந்திருந்தது. மேக்கப் அறையில் மைக் அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்க, இவள் ஜன்னலோரம் ஒதுங்கினாள்.

"கூத்தாடப் போறியான்னு திட்டினவன்தான் நான். ஒரு வருஷம் உன்கூடப் பேசாமயும் இருந்துட்டேன்," என்றார் அப்பா. "நீதான் கதாநாயகின்னு அம்மா சொன்னா. நாளைக்குக் கடையை அடைச்சிட்டு வர்றேம்மா."

தீபாவளிக்கும் திங்கட்கிழமைக்கும் வித்தியாசம் பார்க்காமல் சைக்கிள் கடையைத் திறந்து வைப்பவர் அவர். அம்மாவிடம் சும்மா ஒரு கெத்துக்கு அளந்துவிட்ட பொய், இப்போது பஸ் ஏறி வரப்போகிறது.

"ஆமாப்பா... நான்தான் கதாநாயகி. வாங்கப்பா," என்றாள். 

அதற்குப் பிறகுதான் கால்கள் தாமாக ஜூஸ் கடைக்கு நடந்தன.

"எனக்கா? நீ வாங்கித் தர்றியா? இன்னிக்கு மழை கொட்டப்போகுதுடி!" மைக் அக்கா டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அடியில் கிடந்த ஐஸ் கட்டியையும் விடாமல் கடித்து நொறுக்கினாள்.

மறுநாள் காலையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது டைரக்டரிடமிருந்து போன்.

"ஒத்தவரி, குடி முழுகிப்போச்சு! மைக்குக்குத் தொண்டை கட்டிடுச்சு. வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது. மொத்த நாடகமும் மனப்பாடமா தெரிஞ்சவ நீ ஒருத்திதான். இன்னிக்கு நீதான் கதாநாயகி."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மீன் முள்ளை விழுங்கின மாதிரி இருந்தது. பெரியவர் மூக்கில் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "இப்போ எப்படித் தெரியுது சார்?" என்று கேட்டாள்.

சாயங்காலம் மைக் அக்கா கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். பேச்சே இல்லை, எல்லாம் ஜாடைதான். தான் போட வேண்டிய உடையை அவளுக்குப் போட்டுவிட்டு, தோளில் ஊக்கும் குத்திவிட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான்..."

மைக் அக்கா உதட்டில் விரலை வைத்து, அவளை மேடைப் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

திரை விலகியது. மூன்றாவது வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் டைரக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முதல் காட்சியில் வசனத்தை வெறுமனே ஒப்பித்தாள். இரண்டாவதில் கைகள் சொன்னபடி கேட்டன. அப்புறம் நாடகம் அவளை இழுத்துக்கொண்டு போனது.

கடைசிக் காட்சி. வீட்டை விட்டுக் கிளம்பும் மகனைப் பார்த்துத் தாய் பேசும் நீளமான வசனம். பாதியில் எல்லாம் துடைத்த மாதிரி காணாமல் போனது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"போறதுன்னா..." திரைக்குப் பின்னாலிருந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தெளிவாக வந்தது அந்தச் சொல். பற்றிக்கொண்டாள். முடிவுவரை நிற்கவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் அப்பா மேடையோரம் வந்துவிட்டார். சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"நீ நல்லா சத்தமா பேசினேம்மா," என்றார். "கடைசியில பேச்சு வராத மாதிரி கொஞ்ச நேரம் நின்னே பாரு, அங்கதான் எனக்குத் தாங்கல. என்ன நடிப்பு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "துணி மாத்திட்டு வா. வெளியில நிக்கிறேன், சேர்ந்து சாப்பிடப் போலாம்."

அந்தப் பாராட்டு அவளைச் சுட்டது. மேக்கப் அறைக்கு ஓடினாள். அங்கே மைக் அக்கா மட்டும் உட்கார்ந்து உடைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுங்க! நேத்து நான் வேணும்னேதான் அவ்வளவு ஐஸ் போட்டு வாங்கிட்டு வந்தேன். உங்க தொண்டை கெட்டுப்போகணும்னுதான்... எங்கப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்க்கா, அதுக்காக உங்க இடத்தையே பறிச்சிட்டேன்!"

சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்து, வாய்விட்டே கதறிவிட்டாள்.

மைக் அக்கா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். மஃப்ளரைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். அடக்கிப் பேசினாலும் வெண்கல மணிதான் அந்தக் குரல்.

"மெதுவா அழுடி, நேத்து போன்ல நீ விட்ட கதை உங்கப்பாவுக்கும், என் தொண்டை நல்லாத்தான் இருக்குங்கிறது டைரக்டருக்கும் தெரிஞ்சுடப்போகுது!"