கிறிஸ்துமஸ் வாரம்

டேடோனா கடற்கரை ரிசார்ட்டுல ஒரு ரூமை வாரக் கணக்குல பங்கு போட்டு விப்பாங்க; வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாரம் நான் வாங்கின பங்கு. அதை விலை பேச வந்த பக்கத்து வீட்டு பிராக் என் மூக்கை உடைச்சான்.

"எட்டாயிரம் டாலரா? அஞ்சாயிரத்துக்குக் கொடுடா லானி!"

"அடிக்காதண்ணே. ஐநூறுக்கே எழுதிக்கோ."

"பயந்தாங்கொள்ளிப் பயலே!"

விக்கிற பத்திரத்துல கையெழுத்து போட்டேன். ஆனா விதிப்படி, அதே விலைக்கு ரிசார்ட் கம்பெனியே முதல்ல எடுத்துக்கலாம். அவங்க வேண்டாம்னாதான் அவனுக்கு. கம்பெனி பதில் சொல்லக் கெடு முப்பது நாள்.

தினமும் வந்து என் கதவை உதைச்சான். "கம்பெனி லெட்டர் எங்கடா?"

கடைசி நாள்தான் லெட்டர் வந்துச்சு. பிடுங்கிப் படிச்சவன் என் கழுத்தை நெரிச்சான்.

"ஐநூறுக்கு அவனுங்களே எடுத்துக்கிட்டானுங்கடா!"

"பாதி விலைக்குக் கீழ போனா வெளியாளுக்கு விடமாட்டாங்கண்ணே, அவங்களே எடுத்துப்பாங்க. அந்தக் கம்பெனி ஆபீஸ்ல ஏழு வருஷம் இந்த மாதிரி லெட்டரை எழுதினதே நான்தான்."